கரூர் – காங்கேயம், வழி எங்கள் வீதி

கடையில் வாங்கிய எதையும் வாங்கியபடியே விட்டுவைக்க முடியாத ஆள் நான். ஸ்கூட்டர் வாங்கிய அன்று மாலையே அதன் ஹாரனைக் கழற்றிவிட்டு லாரி ஹாரன் பூட்டினேன், அதற்குப் பிறகு ஹாரன் அடித்தால் வீதியில் போகிற மாடெல்லாம் ஒதுங்கியது, கூடவே ஸ்கூட்டரின் எஞ்சினும் நின்றது. கூடத்து மின்விசிறிக்கு நான்காவதாக ஓர் இறக்கை பூட்டினேன், வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் இன்றுவரை அதன் கீழே உட்காராமல் சுவரோரமாகவே நின்று காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். குக்கரின் விசிலை மாற்றி ரயில் ஊதுகிற சத்தம் வரவைத்தேன், பருப்பு வேகவில்லை, பக்கத்து வீட்டில் தொட்டில் குழந்தை விழித்துக்கொண்டது. மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி வளர்மதி அன்றைக்கே, ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கும்போது நான் சமையலறை வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நானும் தாண்டவில்லை. பஸ் பக்கம் திரும்பிவிட்டேன்.

என் பெயர் லோகநாதன். கரூரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் இது, நாட்டில் ஓடுகிற பாதி பஸ்கள் எங்கள் ஊரில்தான் உடம்பெடுத்தன என்று நாங்கள் பீற்றிக்கொள்வோம், அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் எனக்குப் பஸ் ஓட்டத் தெரியாது, கட்டத் தெரியாது, உட்கார்ந்து போனால் குமட்டும். ஆனால் பஸ்ஸின் அழகு என்றால் உயிர். அதனால் ஃபோம் அட்டையை வெட்டி, ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, முழ நீளத்தில் பஸ் செய்கிற பைத்தியங்களோடு சேர்ந்துகொண்டேன். கரூரில் அப்போது நாங்கள் மூன்று பைத்தியங்கள். மற்ற இருவரில் ஒருவர் ஜப்பார் பாய், எலெக்ட்ரிக் சாமான் கடைக்காரர், கடுகளவு பல்பும் கடுகளவு ஹாரனும் அவர் கைக்குத்தான் வரும். இன்னொருத்தி மெர்சி, பல்செட் செய்கிற லேபில் வேலை, பஸ்ஸின் சீட்டுகளைப் பல்செட் செய்கிற அதே பசையில் வார்த்துத் தருவாள், அதனால் எங்கள் பஸ்களின் சீட்டெல்லாம் ஈறு நிறத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உலகத்தைத் திருத்துகிறவர்களைப் போல நாங்கள் மூவரும் உட்கார்ந்து பஸ் திருத்திக்கொண்டிருப்போம்.

அப்படி உருவானதுதான் பொன்னாத்தா. ஊதா உடம்பு, இடுப்பில் மஞ்சள் பட்டை, முகப்பில் பொன்னிற வளைவு, ஹெட்லைட்டுக்கு மேலே இமை மாதிரி ஒரு குடை, மேலே கேரியர், பின்னால் ஏணி, ஏணிக்குப் பக்கத்தில் வேறெங்கும் போகாத இன்னோர் ஏணி, உள்ளே கூரை முழுக்க ஓடுகிற விளக்குகள், டிரைவருக்குப் பின்னால் முந்திரிப்பருப்பு அளவில் இரண்டு ஸ்பீக்கர், ஜன்னலுக்கு நான் என் கடையின் கூலிங் கிளாஸிலிருந்து வெட்டிய கறுப்புச் சில்லுகள். கோயம்புத்தூரில் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாடல் பஸ் கண்காட்சி. அதில் பொன்னாத்தா வந்து நின்றால் மற்ற பஸ்கள் எல்லாம் எழுந்து நின்று இடம் கொடுக்கும் என்று நான் மனதுக்குள் நினைக்கவில்லை, வெளியேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வேலையாக, வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்து, முகப்பில் போர்டு எழுதினேன். கரூர் – காங்கேயம், வழி தென்னிலை, வெள்ளகோவில். போர்டு இல்லாத பஸ்ஸை யார் நம்புவார்கள்? பார்க்கிறவர்கள் நம்பவேண்டும் என்று, வளைவு நெளிவுகூடப் பிசகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

நம்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வளர்மதி கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உங்க பஸ்ஸுல ஆளு ஏறி உக்காந்திருக்குது."

வாயில் நுரையோடு போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் உயரத்தில், வேட்டியும் சேலையும் சட்டையும் சுடிதாருமாக, மடியில் பையும் காலடியில் மூட்டையுமாக, பொன்னாத்தா நிறைய ஜனம். ஜன்னலோரம் எல்லாம் போய்விட்டிருந்தது. ஒருவர் முன் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு இறங்கி, கண்ணாடி அலமாரியின் ஓரமாக நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது முதலில் என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: காலில் மண்ணோடு ஏறியிருக்கிறார்களே, தரையில் ஒட்டின வெல்வெட் என்னாகும் என்று தோன்றியது.

ஜப்பார் பாய்க்கும் மெர்சிக்கும் போன் போட்டேன். பாய் வந்து குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே லைட் எரிகிறதா என்று கேட்டார். மெர்சி, சீட்டில் கறை ஏதும் படவில்லையே என்று கேட்டாள். நாங்கள் மூவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

பயணிகள் எங்களைப் பார்த்ததும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கொசு பாடுகிற சத்தம்தான், ஆனால் காதைப் பக்கத்தில் வைத்தால் சுத்தமான நம் பக்கத்துப் பேச்சு. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டி நுழையவில்லையாம். ஜன்னல் கண்ணாடி நகரவில்லையாம், நான்தான் பசை போட்டு ஒட்டிவிட்டேனே, எப்படி நகரும். கூரை லைட் கண்ணைக் குத்துகிறதாம். பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்குக் காது அடைத்துவிட்டதாம். மெர்சியின் சீட்டைப் பற்றி ஒருவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. எத்தனை கண்காட்சி பார்த்திருப்போம், எத்தனை பேர் எங்கள் பஸ்களைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருப்பார்கள், ஒருவரும் இதுவரை உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொன்னதில்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். கட்டம் போட்ட துண்டு, சலவை வேட்டி, கையில் வயர்கூடை, கூடைக்குள் தேங்காய் பழம்.

"ஓனருங்களா," என்றார். "வண்டி எப்பங்க எடுப்பீங்க?"

அவர் பெயர் செங்கோடன். வெள்ளகோவிலில் இறங்கவேண்டியவர். அவர் கதையை அன்று பகலுக்குள் வளர்மதி கேட்டுத் தெரிந்துகொண்டாள், மின்வாரியத்தில் கரன்ட் போன புகார் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. செங்கோடனுக்கு ஒரே தம்பி, வெள்ளகோவிலில் இருக்கிறான். செங்கோடன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்தத் தம்பி பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சகத்தின் பிழைதான். ஆனால் பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்துக் கோபித்துக்கொண்டவன் தம்பி, பிழை என்று சொல்லப் போகாமல் வீம்பாக இருந்தவர் அண்ணன். கல்யாணப் பெண்ணுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது, அண்ணன் தம்பி பேச்சில்லை. இப்போது தம்பியின் பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகை வந்திருக்கிறது. அதில் வரவேற்பவர்கள் வரிசையில் முதல் பெயர் செங்கோடன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகூர்த்தம்.

"பஸ்ஸுல ஏறி உக்காந்தா மனசு மாறாதுன்னு ஏறிட்டேனுங்க," என்று வளர்மதியிடம் சொன்னாராம். "வண்டி நின்னுட்டே இருந்தா, எறங்கிப் போயிருவனாட்ட இருக்குது." உண்மையாகவே அவர் அடிக்கடி படிக்கட்டுக்கு வருவதும், ஒரு காலைக் கீழே வைப்பதும், மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பதுமாக இருந்தது.

எங்கள் வீதி இதைக் கேட்டு வாயைப் பிளக்கவில்லை. வீதிக்கு வேறு வேலைகள் இருந்தன. டீக்கடை நாகு, பாட்டில் மூடியில் டீ கொண்டுவந்து வைத்து, ஒரு மூடியை எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், கிளாஸ் எப்போது திரும்ப வரும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் பெண்கள் வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஒவ்வொருவரையும் எந்த ஊர், எந்தக் குலக் கூட்டம், பெண் எடுத்தது எங்கே என்று விசாரித்து, இருட்டுவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேரைத் தங்களுக்கு மாமன், பங்காளி, சம்பந்தி ஆக்கிவிட்டார்கள். கவுன்சிலர் வந்து, பெண்களுக்குத் தனி சீட் ஏன் ஒதுக்கவில்லை என்று என்னைக் கேட்டார். டிராஃபிக் எஸ்.ஐ. வந்து, நின்றுகொண்டு வருகிறவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஓவர்லோடு என்றார், ஆனால் வண்டி ஓடினால்தான் கேஸ் எழுத முடியும், ஓடாத வண்டியில் எத்தனை பேர் இருந்தால் எனக்கென்ன என்று அவரே சமாதானமும் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை பேரில் ஒருவர்கூட இது எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். ஏன் இன்னும் எடுக்கவில்லை?

எடுக்க அதில் எஞ்சின் இல்லை. பொன்னாத்தாவுக்கு நாங்கள் எல்லாம் வைத்தோம், எஞ்சின் வைக்கவில்லை, வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. சக்கரம் சுற்றாது. சுற்றினால் கண்காட்சி மேஜையில் உருண்டு விழுந்துவிடும் என்று நானே பசை வைத்திருந்தேன்.

மறுநாள் நான் ஒரு யோசனை செய்தேன். என் யோசனைகளின் சரித்திரம் தெரிந்தும் மற்ற இருவரும் சம்மதித்தார்கள். பொன்னாத்தாவை மடியில் வைத்துக்கொண்டு, உண்மையான காங்கேயம் பஸ்ஸில் ஏறி, வெள்ளகோவிலில் இறக்கிவிட்டு வருவது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். உள்ளே ஆள் இருக்கிற வண்டியை மடியில் வைக்கக்கூடாது, ஆட்டம் தாங்காது என்று சொல்லி, எழுந்து நின்ற ஒருவரின் சீட்டைப் பொன்னாத்தாவுக்குக் கொடுத்தார். அப்படியும் பரமத்தி தாண்டுவதற்குள் பொன்னாத்தாவில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், மீதிப் பாதியை நான் எடுத்தேன். வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சின் மேல் வைத்துக் கதவைத் திறந்தேன். செங்கோடன் படிக்கட்டில் வந்து நின்று, வானமளவு உயர்ந்து நின்ற பூக்காரம்மாவையும், கூரையளவு பெரிய செருப்புகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது உங்க வெள்ளகோவிலுங்க," என்றார். "நம்முளது இல்லீங்க."

திரும்பி வந்தோம். கரூர் எல்லை வந்த பிறகு மெர்சி சொன்னாள்: "அண்ணா, தூக்கிட்டுப் போனா அவங்க ஊரு வராதுங்ண்ணா. அவங்க பஸ்ஸு அதுவா ஓடுனாத்தான் வரும்." பல்செட் என்பது வாயில் வைத்தால் போதாது, மெல்லவும் வேண்டும் என்று தெரிந்த பெண் அவள்.

பாய் தன் அக்கா பேரனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ரிமோட் ஜீப் வாங்கிவந்தார். அதன் மோட்டாரைக் கழற்றிப் பொன்னாத்தாவுக்குள் வைத்துச் சக்கரத்தின் பசையைச் சுரண்டி எடுத்து, சுவிட்ச் போட்டோம். உறுமியது. நகரவில்லை. எடை அதிகம். பாய் பயணிகளைப் பார்த்தார், பயணிகள் பாயைப் பார்த்தார்கள், வளர்மதி எங்கள் மூவரையும் பார்த்தாள்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கோயம்புத்தூர் கண்காட்சி இருக்கிறதே, பொன்னாத்தாவை இப்படியே, ஆளோடேயே, அங்கே ஒரு நடை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டால், அங்கே பெரிய பெரிய மெக்கானிக்குகள் எல்லாம் வருவார்கள், அவர்களிடம் யோசனை கேட்டு, திங்கட்கிழமை நிதானமாக, என்று சொல்லிக்கொண்டே போனேன். கோப்பையைக் கையில் வாங்குகிற மாதிரி என் வலது கை லேசாக வளைந்திருந்தது என்று பாய் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

வளர்மதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

"நீங்க பாக்கறதுக்குச் செஞ்சீங்க," என்றாள். "அவங்க போறதுக்கு ஏறியிருக்கறாங்க."

சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய், எனக்குத் தடைசெய்யப்பட்ட அந்த வாசலில் நின்றபடி, ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டினாள். கழற்றுவதை எல்லாம் இதில் போடுங்கள் என்றாள்.

கழற்றினோம். வேறு வண்டியாக இருந்தால் கழற்றுவது எனக்குத் திருவிழா. இது பொன்னாத்தா. இமைக் குடையைக் கழற்றினேன், பொன்னிற வளைவைக் கழற்றினேன், கேரியரையும் ஏணியையும் எங்கும் போகாத ஏணியையும் கழற்றினேன், கூலிங் கிளாஸைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தேன், ஒவ்வொரு சில்லு பெயரும்போதும் உள்ளேயிருந்து ஒரு முகம் வெளியே வந்து, அப்பாடா என்று காற்று வாங்கியது, ஒவ்வொரு அப்பாடாவும் எனக்கு முள்ளாகக் குத்தியது. பாய் ஸ்பீக்கரையும் கூரை விளக்குகளையும் கழற்றிவிட்டு, ஹாரனுக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டார். பதினொரு விதமாக ஊதுகிற ஹாரன் அது. என்னென்னவோ காரணம் சொல்லிப் பார்த்தார், வளைவில் வேண்டும், நாய்க்கு வேண்டும் என்றார். கடைசியில் அதைக் கழற்றித் தட்டில் வைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மெர்சி சீட்டுகளைப் பெயர்த்தெடுத்து, பயணிகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, பல்லுக்கு அளவெடுக்கிற மெழுகில் ஒவ்வொருவருக்கும் முட்டி அளவெடுத்து, மறுபடி வார்த்தாள். சீட்டுகள் முன்னைவிடக் குறைவாகத்தான் உள்ளே கொள்ளும் என்று ஆனது. சிலர் நின்றுதான் போகவேண்டும். பரவாயில்லைங்க, பஸ்ஸுன்னா அப்படித்தானுங்களே என்றார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால், தட்டு வழியவழிய அழகு, தரையில் ஊதா நிறத்தில் ஒரு ரொட்டிப் பெட்டி. சுவிட்ச் போட்டோம். நகர்ந்தது.

நகர்ந்த பஸ்ஸுக்கு ரூட் வேண்டும். ரூட் எங்கள் வீதிதான் என்று ஆனது. என் வீட்டு வாசல் கரூர் பஸ் ஸ்டாண்ட். வீதியின் மறுகோடி வரை உள்ள வாசல்படிகளில் எது தென்னிலை, எது வெள்ளகோவில், எது காங்கேயம் என்று சனிக்கிழமை நடந்த கூட்டத்தில், எங்கள் வீதி தன் வாழ்நாளில் போட்டிராத சண்டையைப் போட்டது. காங்கேயம் ஆவதற்கு நான்கு வீடுகள் போட்டியிட்டன, மாடு வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பால்காரர் ரங்கசாமி ஜெயித்தார். வெள்ளகோவிலுக்கு வந்தபோது, செருப்பு ஸ்டாண்டோடு கூடிய வாசல் வைத்திருக்கும் தாயம்மாள் எழுந்து நின்று, என் பிறந்த வீடே வெள்ளகோவில்தான், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார், யாருக்கும் இல்லை. தென்னிலை ஆகத்தான் ஒருவரும் முன்வரவில்லை. சின்ன ஊர் என்று எல்லோருக்கும் இளக்காரம். கடைசியில் வாடகைக்கு இருக்கிற வீட்டின் வாசலைத் தென்னிலை ஆக்கினார்கள், அதைக் கேள்விப்பட்டு அந்த வீட்டுச் சொந்தக்காரர் நாமக்கல்லிலிருந்து போன் பண்ணிக் கத்தினார். வீதி நடுவில் இருந்த குழியை மூடச் சொல்லி நகராட்சிக்கு எத்தனையோ மனு போட்டிருந்தோம், இப்போது பொன்னாத்தா அதில் விழுந்தால் ஆள் சேதம் ஆகிவிடும் என்று ஆளுக்கொரு சட்டி சிமென்ட் கொண்டுவந்து அரை மணியில் மூடிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயம்புத்தூரில் இந்நேரம் மேஜைமேல் துணி விரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை, முகத்தில் தெரிந்தது. பொன்னாத்தாவைத் தூக்கி வாசலில் வைத்தேன். எல்லோரும் ஏறினார்கள். செங்கோடன் மட்டும் கீழேயே நின்றார். வயர்கூடையைக் கை மாற்றினார். துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்தார்.

நான் தரையில் படுக்காத குறையாகக் குனிந்து, ஏறுங்கள் என்றேன்.

"பத்திரிகையில பேரப் போட்டுட்டான்," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "நேருல பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா?"

மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்குப் பார்வை சரிசெய்திருக்கிறேன், ஒருவருக்கும் ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "அப்படித் திருப்பிக்கிட்டாருன்னா, இதே வண்டியில ஏறிக்குங்க. நான் திரும்பி இந்த வழிதானுங்க வருவேன்."

அவர் யோசித்தார். எனக்கு அது பெரிய உத்தரவாதமாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது போலிருக்கிறது. ஏறினார். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வளர்மதி முன்னால் நடந்தாள், நாயை விரட்டவும் ஊர் பெயர் கூவவும். பாய் ஒரு பக்கம், மெர்சி ஒரு பக்கம். பின்னால் நான், இஸ்திரி போட்ட பேன்ட்டும் சட்டையும், கண்காட்சிக்கென்று தைத்தது, கையில் பொம்மை ஜீப்பின் ரிமோட், நெற்றியில் வேர்வை. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆள் முதுகை வளைத்துக்கொண்டு ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் அடிமேல் அடி வைத்து நடந்து போவதை வீதி முழுக்க மாடியில் நின்று பார்த்தது. சிரித்தார்களா என்று தெரியவில்லை, எனக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. இடதுபக்கம் இழுக்கிற வண்டி அது. கொஞ்சம் அசந்தால் சாக்கடை. அந்தப் பெட்டிக்குள்ளே ஆள் இருந்தார்கள், ஒருவருக்கொருவர் தோளில் சாய்ந்து தூங்க ஆரம்பித்திருந்தார்கள், என்னை நம்பி.

தென்னிலை வாசலில் சாக்கு மூட்டையோடு நான்கைந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், சுண்டுவிரல் உயரம், வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு. பஸ் வருகிற ஊரில் நிறுத்தத்தில் ஆள் நிற்கத்தானே செய்வார்கள். இரண்டு பேர் இறங்கினார்கள், நான்கைந்து பேர் ஏறினார்கள், ஏறியவர்களில் ஒருவர் இவ்வளவு லேட்டா என்று என்னைத் திட்டினார். வாடகை வீட்டுக்காரப் பெண் படியில் நின்று இதைப் பார்த்துவிட்டு, எங்க ஊருக்கும் ஆளு ஏறுது பாருங்க என்று எதிர் வீட்டுக்குச் சொன்னாள்.

சிமென்ட் போட்ட இடத்தைத் தாண்டினோம். அடிகுழாய் ஈரத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். "வெள்ளகோவில், வெள்ளகோவில்" என்று வளர்மதி கூவினாள், மின்வாரியத்தில் அவளை இத்தனை வருஷம் வீணடித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிற மாதிரிக் கூவினாள். தாயம்மாள் வாசல் தெளித்து, செருப்பு ஸ்டாண்டை ஓரமாக நகர்த்தி, பஸ் நிற்க வாகாக இடம் விட்டிருந்தார். நிறுத்தினேன்.

செருப்பு ஸ்டாண்டின் நிழலில் ஒருவர் குந்தியிருந்தார். தலையில் துண்டு. காதுகுத்து வீட்டுக்காரரின் மகிழ்ச்சி எதுவும் முகத்தில் இல்லை, காலையிலிருந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துப் பார்த்து ஏமாந்தவரின் முகம். இறங்குகிறவர்களை எண்ணுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியாகச் செங்கோடன் இறங்கினார். படிக்கட்டிலிருந்து தரைக்குக் கால் எட்டவில்லை, அந்த உயரத்தை நாங்கள் சரி செய்ய மறந்திருந்தோம், குதித்துத்தான் இறங்கவேண்டியிருந்தது, கூடையிலிருந்து ஒரு பழம் தெறித்து உருண்டது. உருண்ட பழத்தைக் குந்தியிருந்தவர் எழுந்து போய் எடுத்தார். வேட்டியில் துடைத்தார். பக்கத்தில் வந்து நின்றார்.

நாங்கள் நால்வரும் குனிந்தோம்.

"உக்காந்து வந்தியா, நின்னுட்டா?" என்று தம்பி கேட்டார்.

"நின்னுட்டுத்தான்," என்றார் செங்கோடன். "அது பரவால்ல."

"காலு நோகுமே."

அதற்குச் செங்கோடன் ஏதோ சொன்னார். என் காதுக்கு எட்டவில்லை. நான் இன்னும் குனிந்தேன், மூக்கு தரையில் இடிக்கிற வரைக்கும் குனிந்தேன், கண்ணில் ஏதோ நிறைந்து என் மூக்குக் கண்ணாடி மங்கிப்போனது, துடைக்கக் கையை எடுத்தால் ரிமோட் விழுந்துவிடும். பாய் அந்தப் பக்கம் திரும்பி, காரணமில்லாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது பொன்னாத்தாவின் ஜன்னல்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஏனுங்க ஓனரே, காங்கேயத்துக்குப் போகோணுமுங்க," என்றார் ஒருவர். முகூர்த்தம் அவருக்கும் ஏதோ இருந்திருக்கவேண்டும். இன்னொருவர், வேடிக்கை பார்க்கறதுன்னா டிக்கெட் வாங்கிக்கிட்டுப் பாருங்க என்றார். குழந்தை வைத்திருந்த அம்மா வண்டியின் உடம்பைப் படபடவென்று தட்டினாள்.

அவர்கள் சொல்வது நியாயம்தான். எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பார்கள். நான் எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, சுவிட்சை அழுத்தினேன். வண்டி உறுமி, இடதுபக்கம் இழுத்து, பால்காரர் ரங்கசாமி வீட்டை நோக்கி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய்விட்டு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். தாயம்மாளின் வாசல்படி ஓரமாக அவர்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள், முதுகுதான் தெரிந்தது, வயர்கூடை தம்பியின் கையில் இருந்தது. அதற்குள் எதிரே நாய் வந்துவிட்டது.